தண்டவாளத்துக்குக் கீழே ஒரு படுக்கை

1

என் மனைவியின் தம்பி வசந்தன் ரொறன்ரோவில் வந்திறங்கி இந்த மாசியோடு ஒரு வருடம். நாங்கள் அதற்கென்று ஒன்றும் செய்யவில்லை. காலையில் வேலைக்குப் புறப்படும்போது சுகந்தி மட்டும், "போன வருசம் இந்தக் குளிருக்குள்ளைதான் வெறுஞ் செருப்போடை வந்து நிண்டவன்" என்றாள். சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. எனக்குப் பிளாஸ்ரிக் கொம்பனியில் பின்னேர ஷிப்ற். காலை நேரம் வீடு எனக்குத்தான்.

வசந்தனைப் பற்றி எழுதுவதானால் முதலில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே மில்லிக்கன் பக்கத்தில் தமிழர் வீட்டு நிலக்கீழ் அறை வாடகைக்குப் போகும், அல்லது பிறந்தநாள் விழாக்களுக்காகப் பளிங்குத் தரை போடப்பட்டிருக்கும். எங்களுடையதில் ஸ்கொட்லாந்து இருந்தது.

இரண்டு சுவர்களை ஒட்டி, 'ட' வடிவில், பதினாறு அடிக்கு ஓடும் ஒரு நீள மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்கொட்லாந்தின் மேற்கு மலைப்பக்கத்து ரயில் பாதையில் ஒரு துண்டு அதன்மேல் இருக்கிறது. ஒரு சிறிய ஸ்ரேசன், சாமான் பெட்டிகள் நிற்கும் முற்றம், கல்லுப் பாலம், அதற்கப்பால் மரமே இல்லாத சதுப்புநிலம். எல்லாம் உண்மை அளவில் எழுபத்தாறில் ஒரு பங்கு. காலம் எண்பதுகளின் நடுப்பகுதி. நிலக்கரி எஞ்சின்கள் போய், மஞ்சள் மூக்கு வைத்த நீல டீசல் எஞ்சின்கள் ஓடிய காலம். பத்து வருடமாக அதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை மாதிரி ரயில் செய்பவர்கள் கூடும் கழகம் ஒன்றுக்குப் போவேன். அங்குள்ள கனேடியர்கள் மிகவும் பண்பாகக் கேட்பார்கள்: "உங்கள் நாட்டு ரயிலை ஏன் செய்யவில்லை?" எங்கள் ஆட்கள் இவ்வளவு பண்பாகக் கேட்பதில்லை. "உமக்கென்ன விசரோ?" என்பார்கள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். நான் கரவெட்டி. வடமராட்சிப் பக்கம் ரயில் ஓடியதில்லை. கொழும்புக் கோச்சியில் இரண்டே தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் நித்திரை. பார்க்காத ஒன்றை எப்படிச் செய்வது? ஸ்கொட்லாந்து ரயிலை நான் மூன்று பனிக்காலம் தினமும் பார்த்தவன்.

2

லண்டனில் இறங்கி அகதியாகப் பதிந்த பிறகு, தெரிந்த ஒருவர் சொல்லி, கிரியன்லாரிக் என்ற மலையூருக்கு ஒரு விடுதியில் கோப்பை கழுவப் போனேன். எனக்கு இருபத்தொரு வயது. கிளாஸ்கோவிலிருந்து வரும் பாதை அங்கே இரண்டாகப் பிரியும். ஒன்று ஓபன் துறைமுகத்துக்கு, மற்றது ஃபோர்ட் வில்லியத்துக்கு. கழுவுகிற தொட்டிக்கு மேலே ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே மேட்டில் ரயில் நிற்கும்.

வந்தவை பெரும்பாலும் 37ஆம் வகுப்பு எஞ்சின்கள். அந்த எஞ்சின் ஏற்றத்தில் இழுத்துப் புறப்படும்போது தொட்டிக்குள் கிடக்கும் கரண்டிகள் அதிரும். அதற்குப் பின்னால் வரும் பெட்டிகளை வைத்து நான் நாளைக் கண்டுபிடிக்கப் பழகினேன். அலுமினிய ஆலைக்கு வெள்ளைத் தூள் கொண்டுபோகும் தாங்கிப் பெட்டிகள், எண்ணெய்ப் பெட்டிகள், சங்கிலி போட்டுக் கட்டிய மரக்குற்றிகள். காலையில் லண்டனிலிருந்து படுக்கை வண்டி வரும். சில வருடம் அதன் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் பழைய எஞ்சின் ஒன்றைக் கொழுவி வந்தார்கள். அது இழுக்காது. பயணிகளுக்குச் சூடு கொடுக்க மட்டும் மின்சாரம் எடுப்பார்கள். அதற்கு எதெல் என்று ஒரு பெண்ணின் பெயர்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவள் மோராக். அங்கே இரண்டாவது சமையல்காரி, ஐம்பது வயதிருக்கும், புருசன் ரயில் சாரதி. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே ஓட்டுவது தன் ஆளா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். முதல் கிழமை மத்தியானம் அவள் என்னிடம், "உனக்கு பீஸ் வேணுமா?" என்று கேட்டாள். நான் சமாதானம் என்று விளங்கிக்கொண்டேன். "ஓம், அதுக்குத்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தனான்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னேன். மோராக் கையில் இரண்டு துண்டுப் பாணும் நடுவில் சீஸும் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஊரில் சாண்ட்விச்சுக்குப் பெயர் பீஸ். அவள் சிரிக்கத் தொடங்கினாள், பிறகு நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து என் பாணுக்குள் எப்போதும் இரண்டு சீஸ்.

பிறகு ரொறன்ரோவிலிருந்த அண்ணன் கூப்பிட்டான், வந்துவிட்டேன். வரும்போது அந்த ஆங்கிலமும் கூட வந்துவிட்டது. ஸ்கொட்லாந்தில் ஆம் என்பதற்கு 'ஐ' என்பார்கள். பிளாஸ்ரிக் கொம்பனி நேர்முகத்தில், "இரவு வேலை செய்வாயா?" என்று கேட்டார்கள். "ஐ" என்றேன். அந்த மனிதர் நான் மிச்ச வசனத்தைச் சொல்வேன் என்று கன நேரம் காத்திருந்தார்.

3

மகள் அபிரா பல்கலைக்கழகம் போனபிறகு பேஸ்மென்ற் வெறுமையானது. அப்போதுதான் தொடங்கினேன். தொடங்கிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ இணையத்தில் போட்டிருந்த 37ஆம் வகுப்பு எஞ்சினின் சத்தத்தைக் காருக்குள் இருந்து கேட்டேன். கேட்டு முடிந்தும் இறங்காமல் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை பலகை வாங்கினேன்.

இங்கே இதற்குச் சாமான் வாங்குவது தனிப் படிப்பு. தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் கட்டையை நாங்கள் சிலிப்பர் கட்டை என்போம், பிரித்தானியர்களும் அப்படித்தான். கனடாவில் அதற்கு வேறு சொல். தெரியாமல் பெரிய கடையொன்றில் "சிலிப்பர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். ஒரு பெண் என்னை, இங்கே சிலிப்பர் என்று சொல்லப்படும் குழந்தைகளின் இராச்சட்டைகள் தொங்கும் இடத்துக்குக் கூட்டிப்போய், "எத்தனை மாதக் குழந்தை?" என்றாள். இன்னொரு தடவை இங்கிலாந்திலிருந்து வந்த பார்சல் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. அனுப்பியவர் மேலே 'டீசல் எஞ்சின் ஒன்று, பாவித்தது' என்று உண்மையை எழுதியிருந்தார். நேரே போய் மேசையில் வைத்து அவிழ்த்துக் காட்டினேன். உத்தியோகத்தர் உள்ளேயிருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒருவர் அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த குட்டி நாயின் படத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். கிளாஸ்கோ எஞ்சின் கொட்டிலின் சின்னம் என்று விளங்கப்படுத்தினேன்.

புது எஞ்சின் பளபளப்பாக வரும். அதை அப்படியே ஓடவிட்டால் பொம்மை. புகைக்கறை, துரு, பிரேக் தூள், மழை வடிந்த கோடு எல்லாவற்றையும் மெல்லிய தூரிகையால் ஏற்றவேண்டும். சுகந்திக்கு இதுதான் பொறுக்காது. "காசு குடுத்து வாங்கி ஊத்தையாக்கிறியளே!" என்பாள்.

அபிரா இப்போது நகரத்துக்குள் இருக்கிறாள், இருபத்தெட்டு வயது. மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இருவருக்கும் அது பழகிவிட்டது. பேஸ்மென்றுக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டு, "அப்பா, இட்ஸ் சோ ராண்டம்" என்றாள் ஒருமுறை. அவள் வெறுப்போடு சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் கிடந்தது. ஒன்றோடொன்று பொருந்தாதது என்று வைத்துக்கொள்ளலாம்.

4

வசந்தன் பரந்தனில் மேசன் வேலை செய்தவன். ஐம்பது தாண்டிவிட்டது. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். இங்கே உறவுக்காரர் கலியாணம் ஒன்றுக்கு விசா கிடைத்து வந்தான். வந்ததும் அகதிக்கோரிக்கை வைத்தான். எதற்காக என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவனை விசாரித்தவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

முதல் இரண்டு கிழமை ஹோலில் சோபாவில் படுத்தான். நான் வேலை முடிந்து வரும்போது, தன்னால் எங்களுக்கு இடைஞ்சல் என்று நினைத்து எழும்பி இருப்பான். "படு வசந்தன்" என்றால், "இல்லை அத்தான், எனக்கு நித்திரை வரேல்லை" என்பான். சுகந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்.

"இஞ்சருங்கோ, கீழை ஒரு முழு அறை கிடக்கு. ரயிலுக்கு."

"அதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"எனக்குத் தெரியாது. முப்பது வருசத்துக்குப் பிறகு வந்த தம்பி சோபாவிலை கிடக்கிறான். அதுமட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். நான் கராஜை அளந்து பார்த்தேன். அங்கே குளிரும் ஈரமும் ஒரே பனிக்காலத்தில் எல்லாவற்றையும் நெளித்துவிடும். மேசையோ சுவரோடு சேர்த்து அடித்த மேசை, கழற்றிக் கொண்டுபோகச் செய்ததல்ல. கழகத்து நண்பர் ஒருவர் எஞ்சின்களையும் பெட்டிகளையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தால் அவருக்கு அதுவும் பயன்படும். மிச்சம் குப்பைக்கு.

ஒரு சனிக்கிழமை காலை சுரண்டுகத்தியுடன் கீழே போனேன். எஞ்சின்களைப் பெட்டிகளுக்குள் அடுக்கினேன். பிறகு பாலத்தடியில் தொடங்கினேன். தண்டவாளத்துக்கு இடையில் போட்ட சரளைக்கல் பசையில் இறுகிப் போயிருந்தது. தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கத்தியைக் கீழே செலுத்தி நெம்பினேன். ஒரு சாண் நீளம் கழன்று வந்தது. பசை விடும்போது ஒரு சின்னச் சத்தம்.

வசந்தன் படிக்கட்டில் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"என்ன அத்தான் செய்யிறியள்?"

"உனக்குக் கட்டில் போட இடம் எடுக்கிறன்."

"தண்டவாளத்தையே கிளப்பிறியள்?"

கிளப்புதல் என்றால் எங்கள் பேச்சில் பெயர்த்தெடுப்பது. கிழங்கு கிளப்புவோம், வேலிக் கதியால் கிளப்புவோம். நான் ஓம் என்றேன். அவன் படியில் இருந்துவிட்டான்.

"விடுங்கோ அத்தான். நான் மேலையே படுக்கிறன். உதைக் கிளப்பாதேங்கோ."

"அது சும்மா விளையாட்டுச் சாமான் வசந்தன்."

"அது எனக்குத் தெரியும்." கழன்று கிடந்த துண்டைப் பார்த்தான். "எங்கடை ஊர் ரயில்பாதையைக் கிளப்பின ஆக்களிலை நானும் ஒருத்தன். உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது. சுகந்திக்கும் தெரியாது. அவள் அதற்கு முதலே நாட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டாள். சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"அப்ப எனக்குப் பதினேழு. பதுங்கிற பங்கருக்குச் சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் வேணுமெண்டு இயக்கத்தாலை வீட்டுக்கொரு ஆளாக் கூப்பிட்டவை. போகாமல் இருக்கேலாது. ஆணி கழட்ட ஒரு கூட்டம், தூக்க ஒரு கூட்டம். ஒரு கட்டைக்கு நாலு பேர். ஒவ்வொரு ஆணியும் கழரேக்கை கிறீச்செண்டு ஒரு சத்தம் வரும். பின்னேரம் பாத்தால் ஸ்ரேசன் நிக்குது, பாதை இல்லை. வெறும் கல்லு."

சுகந்தி கையைத் துடைத்தபடி படிக்கட்டின் மேலே வந்து நின்றாள். அவர்களுடைய தகப்பன் பரந்தன் ஸ்ரேசனுக்கு எதிரில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். ரயில் நின்ற நாளோடு கடையும் நின்றுபோனது, அது எங்களுக்குத் தெரியும்.

"அப்பா?" என்றாள்.

"அப்பா அண்டைக்குக் கடையைத் திறந்தவர் அக்கா. எத்தினையோ மாசம் பூட்டிக் கிடந்த கடை. பெடியள் வெயிலுக்கை நிக்கிறாங்கள் எண்டு, அடுப்பை மூட்டி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவர். ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. பாதை முழுக்கக் கிளப்பி முடிஞ்சாப்போலை கோப்பையளைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் பூட்டினவர். பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை."

சுகந்தி படியில் தம்பிக்குப் பின்னால் இருந்தாள். அழவில்லை. அவனுடைய தலையில் கையை வைத்தாள். அப்படி அவள் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை, மகளைத் தவிர.

வசந்தன் என்னைப் பார்த்து, "அந்தத் தண்டவாளத்தைப் போட்டு மூடின பங்கருக்குள்ளை இருந்துதான் நாங்கள் பிறகு தப்பினதும்" என்றான். "அதாலை அதைப் பிழையெண்டும் சொல்ல மாட்டன். ஆனால் கிளப்பிறது ஒரு நாள் வேலை அத்தான். திரும்பப் போட இருவது வருசத்துக்கு மேலை எடுத்தது."

5

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வசந்தன் மேசையோரமாக அங்கும் இங்கும் நடந்தான். குனிந்து கால்களைப் பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான். "இதைக் கழட்ட வேண்டாம். அப்பிடியே உயத்துவம்" என்றான். "கீழை என்ரை கட்டிலைப் போடலாம்."

"தலைக்கு மேலை இவ்வளவு பாரம் இருக்கேக்கை உனக்கு நித்திரை வருமே?"

"தண்டவாளத்துக்குக் கீழை படுத்துப் பழக்கம் அத்தான்" என்றான்.

எங்களிடம் கார் உயர்த்தும் ஜாக் ஒன்றிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனரிடம் இன்னொன்று இரவல் வாங்கினோம். சுவரோடு அடித்த ஆணிகளை மட்டும் கழற்றினோம். ஒருவர் இரண்டு தட்டுத் தட்டுவது, மற்றவர் இரண்டு தட்டுத் தட்டுவது, உயர்ந்த இடைவெளிக்குள் கல் அடுக்குவது. இப்படி இரண்டு வார இறுதி. சுவருக்குள் மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடி இரும்புத் தாங்கிகள் அடித்தோம். ஒரு தாங்கியை நான் பிழையாக அடித்துவிட்டேன். மேசை சரிந்தது. கவனமில்லாமல் மேலேயே விட்டிருந்த நாலு மரக்குற்றிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்கு வந்தன. வசந்தன் தோளைக் கொடுத்து மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஆக்களுக்குச் சேதமில்லை" என்றான். வந்த நாளிலிருந்து அவன் சொன்ன முதல் பகிடி அது.

பாலத்தடியில் நான் கழற்றிய துண்டைத் திரும்ப ஒட்டினேன். முடிவில் சதுப்புநிலம் என் நெற்றி மட்டத்துக்குப் போய்விட்டது. நான் கட்டையன். ரயில் ஓட்ட ஸ்ரூல் வைக்கவேண்டும். அவனுக்குக் கட்டில், ஒரு விளக்கு, சின்ன அலுமாரி எல்லாம் கீழே அடங்கின. நான் ஞாயிறுகளில் ஓட்டும்போது சில நேரம் அவன் கட்டிலில் கிடந்தபடி வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பான். அவனுடைய மனைவி அந்தப் பக்கத்திலிருந்து, "அதென்ன உறுமிற சத்தம்?" என்று கேட்பாள். "அத்தான்ரை கோச்சி" என்பான். ரயிலைப் பற்றி அதற்குமேல் அவன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அவனுக்கு அதில் விருப்பமில்லை. அது எனக்குப் பிரச்சினையாகவும் இல்லை.

6

புரட்டாதியில் விசாரணை வந்தது. இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே கணினியில் முகம் காட்டலாம். அபிராதான் படிவங்களை ஆங்கிலத்தில் நிரப்பினாள். அதற்காக நாலைந்து ஞாயிறு தொடர்ந்து வந்தாள். வசந்தன் சொல்லச் சொல்ல, விளங்காத சொல்லுக்கு என்னைப் பார்ப்பாள். அவள் அவ்வளவு தமிழைத் தொடர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். மேலே ஹோலில் தெருச் சத்தம் என்பதால், கட்டிலுக்கருகில் சின்ன மேசை போட்டுக் கணினியை வைத்தோம். துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நான் இருந்தேன். வாய் திறக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

திரையில் நாலு சதுரங்கள். விசாரணை அதிகாரி, ஒரு வயதான பெண். பிறம்ரனில் அலுவலகம் வைத்திருக்கும் பஞ்சாபி லோயர். மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுப் பெண், இளம் வயது, மிகவும் தெளிவான குரல். நாலாவது சதுரத்தில் வசந்தன், தலைமுடியை எண்ணெய் வைத்து இழுத்து.

முதல் ஒரு மணித்தியாலம் ஒழுங்காகப் போனது. பிறகு அதிகாரி, இளமையில் செய்த கட்டாய வேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன என்று கேட்டார்.

"தண்டவாளம் கிளப்பினனாங்கள்" என்றான் வசந்தன்.

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில், "நாங்கள் ரயிலை ஓடத் தொடங்க வைத்தோம்" என்றார். அது பிழை, ஆனாலும் அவர்மீது குறை சொல்ல முடியாது. அவர் ஊரில் வண்டியைக் கிளப்பினால் வண்டி புறப்படும்.

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "உங்கள் எழுத்து வாக்குமூலத்தில் அந்த வருடத்துக்குப் பிறகு ரயிலே இல்லை என்கிறீர்கள். இப்போது ரயிலைத் தொடக்கியதாகச் சொல்கிறீர்கள். எது உண்மை?"

அது தமிழில் வந்தது. வசந்தன் குழம்பிப்போனான். "ரயில் இல்லைத்தான். நாங்கள் கிளப்பினதாலைதான் இல்லை."

"ரயில் இல்லை, ஏனென்றால் நாங்கள் அதைத் தொடக்கினோம்" என்று ஆங்கிலத்தில் போனது. அதிகாரி எதையோ எழுதினார். லோயருக்குத் தமிழ் தெரியாது, அவர் தன் கடதாசிகளைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு கதை பொய் என்று முடிவெடுக்க இவ்வளவு போதும். எத்தனையோ பேருக்கு அப்படி நடந்ததைக் கேட்டிருக்கிறேன்.

வசந்தனுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் தொடங்குவதற்கான ஸ்ராட் என்ற சொல் தெரியும். மோட்டார்சைக்கிள் வைத்திருந்தவன்.

"நோ ஸ்ராட்!" என்றான். "நோ ஸ்ராட், மடம். நோ ட்ரெயின்."

எழும்பினான். கணினியின் மூடியைப் பின்னால் சாய்த்துக் கமராவை மேல்நோக்கித் திருப்பினான். சதுப்புநிலத்தின் விளிம்பில், ஸ்ரேசனுக்கு வெளியே, பாதை வளையும் இடத்தில் இரண்டு கையாலும் தண்டவாளத்தைப் பிடித்தான். அது நான் மிகக் கவனமாகச் செய்த இடம். புல்லை ஒவ்வொரு கொத்தாக நட்ட இடம். ஒரே இழுப்பு. பசை முறிந்தது, சரளைக்கல் கணினி விசைகளின் மேலும் கட்டிலின் மேலும் சிதறியது. ஒரு முழ நீளத் தண்டவாளம், சிலிப்பர் கட்டைகளோடு, கமராவுக்கு முன்னால் ஆடியது.

"திஸ்" என்றான். "திஸ், மடம். வீ டூ திஸ்." பிறகு தமிழில், "இதைத்தான் செய்தனாங்கள். என்னைச் செய்ய வைச்சவை."

மொழிபெயர்ப்பாளர் முகத்தில் இரத்தம் ஏறியது. "ஐயோ," என்றார், "பெயர்த்து எடுத்தீங்களா? தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்தீங்களா?"

"ஓம் தங்கச்சி. பெயர்த்தது. கிளப்பினது."

அவர் அதிகாரியிடம் தன் மொழிபெயர்ப்பு பிழை, முதலிலிருந்து திருத்திப் பதிய அனுமதி வேண்டும் என்று கேட்டார். ஒரு சாட்டும் சொல்லவில்லை, தன் பிழை என்றே சொன்னார். திருத்திச் சொன்னபோது அவர் குரல் முன்போல் தெளிவாக இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் இடைவேளை என்றார்.

கணினியை அணைத்ததும் வசந்தன் என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலில் சிதறிய கல்லைப் பொறுக்கத் தொடங்கினான். "மன்னியுங்கோ அத்தான். உங்களைக் கிளப்ப விடாமல் வைச்சிருந்து நானே கிளப்பிப்போட்டன்."

"விடு" என்றேன். எனக்கு அந்த இடத்தைப் பார்க்க நெஞ்சு வலித்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரம் அவன் பாலத்தையும் சேர்த்து உடைத்திருந்தாலும் நான் விடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

7

மார்கழியில் முடிவு வந்தது. ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சுகந்தி அன்று வேலைக்குப் போகாமல் நின்று புக்கை பொங்கினாள். அபிரா வேலையிடத்திலிருந்து அழைத்து, "மாமா, சந்தோசம்" என்றாள். பிறகு அடுத்த வசனம் வராமல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். வசந்தனுக்கு அது முழுக்க விளங்கியது.

மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிடும் வேலைகள் தொடங்கியிருக்கின்றன. அது எவ்வளவு காலம் இழுக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவனுக்குப் பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. மில்லிக்கனிலிருந்து தினமும் போய்வர முடியாது. கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு அங்கேயே ஒரு அறை எடுத்திருக்கிறான். போன மாதம் போனான். போவதற்கு முதல் இரண்டு நாள் கீழே நின்று, கிளப்பிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டான். கல்லையும் ஒட்டினான். நான் உதவிக்குப் போனபோது, "நீங்கள் இருங்கோ" என்றான். ஒரு மேசன் பூசுவதுபோலப் பசையை அள்ளிப் பூசியிருந்தான், கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ரயில் ஓடுகிறது.

அவன் புறப்பட்ட கிழமையே நான் சுகந்தியிடம், மேசையைப் பழையபடி இறக்கட்டோ என்று கேட்டேன். ஸ்ரூலில் ஏறி நிற்க எனக்கு முழங்கால் நோகிறது.

"இறக்கிப்போட்டு?" என்றாள். "அவன்ரை பெண்சாதியும் பிள்ளையளும் வந்து இறங்கினால், எங்கை படுக்கிறது? சோபாவிலையோ?"

அடுத்த சனிக்கிழமை மூன்று மெத்தைகள் வந்து இறங்கின. கேட்காமலே ஓடர் பண்ணிவிட்டாள். சதுப்புநிலத்துக்குக் கீழே, சுவரோரமாக, பிளாஸ்ரிக் உறை பிரிக்காமல் வரிசையாகக் கிடக்கின்றன. 37ஆம் வகுப்பு எஞ்சின் மேலே போகும்போது அதிர்வில் சரளைக்கல் ஒன்றிரண்டு அவற்றின்மேல் விழும். ஓட்டுவதற்கு முன்னால் மெத்தைகளை மூடப் பழைய சேலை ஒன்றை எடுத்து மடித்து வைத்திருக்கிறாள். நான் அதை விரித்துவிட்டுத்தான் ஸ்ரூலில் ஏறுகிறேன்.